பதினான்கு பக்க மரணம்

சோமசேகரத்தின் நாவல் யாழ்ப்பாணத்து மண்டபமொன்றில் வெளியிடப்பட்டது. வாசலில் கட்டியிருந்த பதாகை, 'ஒவ்வொரு துளி இரத்தமும் உண்மை' என்று சிவப்பு எழுத்தில் உறுதியளித்தது. அந்த இரத்தத்தைப் பெற்றெடுத்த கரவெட்டி அருமைநாயகியை, முதற்பிரதி பெறுவதற்காக முன்வரிசையில் இருத்தியிருந்தார்கள்.

அவளுடைய மகன் கஜீபன் இறுதிப் போரில் எறிகணை வீழ்ந்து இறந்தவன். அவனைப் புதைத்துவிட்டு வந்த அயலவர் ஏரம்பு, "பிள்ளை ஒண்டும் அறியேல்லை, நாயகி. விழுந்த உடனை முடிஞ்சுது," என்று சொல்லியிருந்தார். அந்தச் சொல்லைப் பற்றிக்கொண்டே அவள் பதினாறு ஆண்டுகள் உண்டாள், உறங்கினாள். ஏரம்பும் இப்போது உயிரோடு இல்லை.

சென்ற ஆண்டு சோமசேகரம் அவள் வீட்டுக்கு வந்து தேநீர் அருந்தி, மகனின் படத்தையும் கதையையும் வாங்கிச் சென்றார். நாவலில் அதே கஜீபன் சாவதற்குப் பதினான்கு பக்கங்கள் தேவைப்பட்டன. குடல் சரிந்தது, தண்ணீர் கேட்டான், தாயை அழைத்து அழைத்துக் குரல் தேய்ந்தான். வெளியீட்டுக்கு முன்பே அந்த அத்தியாயத்தை முகநூலில் இட்டார்கள். முந்நூறு பேர் உறைந்துபோனதாக எழுதினார்கள். உறைந்தபின் மதியச் சோற்றுக்குப் போயிருப்பார்கள். அருமைநாயகியும் மகள் வினோஜாவின் கைப்பேசியில் அதை வாசித்தாள். அன்றிலிருந்து மூன்று வாரமாக அவள் கண்மூடவில்லை.

மேடையில் அறிஞர்கள் பேசினார்கள். தலைவர், குடல் சரியும் பக்கத்தை மூன்று தடவை சுவைத்து வாசித்ததாகச் சொன்னார். இன்னொருவர், வலி இங்கே அழகாக மலர்ந்திருப்பதாகக் கண்டறிந்தார். யூடியூப்காரர்கள் நால்வர், மீன் வரும்வரை அசையாத குளத்துக் கொக்குகளைப்போல, தாயின் கண்ணீருக்காகக் கமராவுடன் காத்து நின்றார்கள்.

அவள் மேடையேறினாள். நூலை வாங்கிய கையால் சோமசேகரத்தின் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, அவன் தண்ணி கேட்டவன் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"பிறகு கதைப்பம், அம்மா. கமராவைப் பாருங்கோ."

"இல்லை, இப்ப சொல்லுங்கோ. ஏரம்பண்ணை எனக்குப் பொய்யே சொன்னவர்?"

சோமசேகரம் ஒலிவாங்கியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு சிரித்த முகத்துடன் முணுமுணுத்தார்.

"உது கற்பனை, அம்மா. நான் ஒருத்தரையும் கேக்கேல்லை. சும்மா சாகவிட்டால் ஆர் வாசிப்பினம்? வெளியிலை சொல்லிப்போடாதேங்கோ."

"சத்தியமே?"

"சத்தியம். கையை விடுங்கோ."

கற்பனை என்ற சொல்லுக்குப் பின்னால் வந்தவை, சத்தியத்தைத் தவிர, அவள் காதில் ஏறவேயில்லை. ஒலிவாங்கியைத் தன் பக்கம் திருப்பினாள்.

"எல்லாரும் கேளுங்கோ! என்ரை பிள்ளை துடிக்கேல்லை. இந்தத் தம்பி எல்லாத்தையும் தானே யோசிச்சு எழுதினவராம். இப்பதான் சத்தியம் பண்ணினவர். இவர் நல்லா இருக்கவேணும்!"

அவள் அழுதாள், அழுதபடியே சிரித்தாள். அவள் மனத்தில் கள்ளமில்லை. பின்வரிசையில் ஒருவர், "அப்ப பதாகையைக் கழட்டுங்கோவன்!" என்றார். தலைவர் பாய்ந்தெழுந்து, புத்திரசோகம் தாயின் சிந்தையைக் கலக்கிவிட்டது என்று விளக்கமளித்தார். சபை கைதட்டியது. கைதட்டச் சொன்னால் தட்டுகிற சபை அது. நூல்கள் ஒன்றும் மிஞ்சாமல் விற்றுத் தீர்ந்தன.

அன்று பின்னேரமே காணொளி வந்துவிட்டது. அவளுடைய பேச்சை நீக்கி, வயலின் ஒலியைச் சேர்த்து, 'மகன் துடித்த கதை கேட்டு மேடையில் கதறிய தாய்' என்று தலைப்பிட்டிருந்தார்கள்.

வினோஜா கொதித்துப்போய்க் கைப்பேசியை நீட்டினாள்.

"அம்மா, நீங்கள் சொன்னது ஒண்டையும் காணேல்லை. சிரிச்சதைக்கூட வெட்டிப்போட்டாங்கள். இதைப் போய் எத்தினை ஆயிரம் சனம் பாக்குது, பாருங்கோ!"

"பாக்கட்டும். சனத்துக்கு வேறை என்ன வேலை?" அருமைநாயகி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "நான் ஞானாம்பிகை அக்கா வீட்டை போயிட்டு வாறன்."

"இப்ப என்னத்துக்கு?"

"மூண்டு கிழமையா அவவின்ரை மனுசன் ஏரம்பண்ணையைப் பொய்யன் எண்டு மனசுக்குள்ளை திட்டிக்கொண்டு திரிஞ்சனான். செத்த மனுசனிட்டைப் போய் மன்னிப்புக் கேக்கேலுமே? அவவிட்டைத்தான் கேக்கவேணும்."

படலையைத் திறந்துகொண்டு அவள் விரைந்து நடந்தாள்.