இரண்டு வீட்டு மௌனம்

அரசாங்க அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்களுக்குத்தான் தெரியும், பதிலே வராமல் இருப்பது 'முடியாது' என்ற பதிலைவிடக் கொடியது என்று. முடியாது என்றால் சண்டை போடலாம், மேல்முறையீடு செய்யலாம். வாயே திறக்காதவனிடம் என்ன செய்வது, கல்லில் நாரா உரிப்பது?

இதற்கும் சட்டம் இருக்கிறது. கெடு முடிந்தும் அலுவலகம் பேசாவிட்டால், சில நாடுகளில் கேட்டது கிடைத்துவிட்டதாக அர்த்தம். கடையைத் திறக்கலாம், மாடி எழுப்பலாம். வேறு சில நாடுகளில் அதே மௌனத்துக்கு மறுப்பு என்று அர்த்தம். நீதிமன்றத்துக்கு நடையாய் நடக்க வேண்டியதுதான். இந்த வேடிக்கையை நாட்டுக்கு நாடு ஒப்பிட்டுப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார்கள் அவளும் அவள் கணவனும். இருவரும் நிர்வாகச் சட்டப் பேராசிரியர்கள். துறை நூலகத்தில் ஒரே புத்தகத்துக்கு அடித்துக்கொண்டதில் தொடங்கிய கல்யாணம் அது. யார் எதைச் சொன்னாலும் "ஆனா ஒண்ணு" என்று அவள் ஒரு வால் சேர்ப்பாள். அதனால் அவன் அவளுக்கு 'அடிக்குறிப்பு' என்று பெயர் வைத்திருந்தான்.

ஊர் விஷயத்துக்கெல்லாம் அடிக்குறிப்புப் போடுகிறவளுக்குத் தன் விஷயம் என்று வந்தால் வாய்க்குப் பூட்டு. அதைத்தான் அவன் கவனிக்கவில்லை. கெட்டிக்காரர்களின் கண் எப்போதும் தூரத்தில்தான் இருக்கும்.

ஒருநாள் அவள் பாத்திரம் கழுவ, அவன் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தான்.

"வெளிநாட்டு யூனிவர்சிட்டில கூப்பிட்டிருக்காங்க. மூணு வருஷம். உன்னால இங்க வேலையை விட முடியாது, தெரியும்," என்றான். "நான் மட்டும் போகட்டுமா?"

அவள் கழுவிய பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள். நெஞ்சுக்குள் 'போகாதே' என்று கதறிக்கொண்டிருந்தது. வெளியே ஒரு சத்தமில்லை.

அவள் வளர்ந்த வீடு அப்படி. அப்பா மூக்குக்கு மேல் கோபம் வருகிற மனுஷர். கேட்டதற்கு அவர் பதில் சொல்லாவிட்டால் கிடையாது என்று பொருள். இரண்டாம் தரம் கேட்டால் தட்டு பறக்கும். அம்மாவும் பிள்ளைகளும் அந்த வழக்கத்துக்கே பழகிப்போனார்கள். அந்த வீட்டில் 'வேண்டாம்' என்ற சொல் செலவானதே இல்லை. ஆகவே அவளைப் பொறுத்தவரை, அன்று தன்னால் முடிந்த அளவு உரக்க மறுத்துவிட்டாள்.

அவன் கொஞ்சநேரம் நின்றான். துண்டைக் கொடியில் போட்டான். "சரி, அப்ப வர்றேன்னு எழுதிப் போட்டுடறேன்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

இவ்வளவு மறுத்தும் போகிறானே என்று அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று. விமான நிலையத்தில் அவன் கையை ஆட்டியபோது அவள் ஆட்டவில்லை.

அதற்குப் பிறகு தொலைபேசியில் புத்தகத்தைப் பற்றி மட்டுமே பேசினார்கள். 'இரவல் சட்டம்' என்ற அத்தியாயம் நடந்துகொண்டிருந்தது. பக்கத்து நாட்டில் நன்றாக இருக்கிறதே என்று ஒரு நாடு மௌனத்தின் பொருளை மாற்றிக்கொள்ளும். அதிகாரிகளும் ஜனங்களும் பழைய பொருளிலேயே நடப்பார்கள், எல்லாம் குளறுபடியாகும். இரவல் செருப்பு காலைக் கடிக்கும் என்று அவள் எழுதினாள். நன்றாயிருக்கிறது என்றான் அவன். சாப்பிட்டாயா என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒருநாள் அவன்தான் ஆரம்பித்தான். "நீ என்கிட்டப் பேசறதே இல்ல. இப்படியே எத்தனை நாள் ஓட்டறது? பிரிஞ்சிடலாமா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவனுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. பரஸ்பர சம்மத விவாகரத்து மனு வந்தது. ரோஷத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.

வழக்குக்கு முந்தின நாள் மாமியார் வந்தார். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்கும்படி பேசுகிறவர். வந்ததும் அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார்.

"நீ ஒரு வார்த்தை வேணாம்னு சொல்லியிருந்தா அவன் போயிருப்பானாம்மா? எங்க வீட்ல பிடிக்கலன்னா கூரை பறக்கக் கத்துவோம். சும்மா இருந்தா சரின்னுதான் அர்த்தம். நீ சும்மா இருந்தியாமே!"

அவள் மாமியாரின் கையைப் பற்றிக்கொண்டாள். "எங்க வீட்ல, அத்தை, சும்மா இருந்தா வேணாம்னு அர்த்தம்."

எத்தனையோ நாட்டுச் சட்டத்தை அலசியவளுக்குச் சொந்தச் சமையலறையில் இரண்டு சட்டம் மோதியது தெரியவில்லை. ஆராய்ச்சியைத் தூக்கி அடுப்பில் போட வேண்டும் போலிருந்தது. ஆனால் கூடவே ஒரு நம்பிக்கையும் வந்தது. இன்னும் ஒன்றும் முடியவில்லை. நாளைக்கு வாய்விட்டுச் சொல்லிவிடுவாள்.

வழக்குக்காக அவன் பறந்து வந்திருந்தான். நீதிபதிக்குச் சளி. மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. யாருக்காவது மனசு மாறியிருந்தா இப்பவே சொல்லுங்க."

சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதற்கு முன்னால் ஒரே ஒருதரம் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் அவளையே பார்த்தபடி, உதட்டை இறுக்கிக்கொண்டு, பேசாமல் நின்றான். நேற்றுப் படித்த பாடம் நினைவுக்கு வந்தது. இவன் வீட்டில் பிடிக்காவிட்டால் கத்துவார்கள். இவன் கத்தவில்லை. போகிறேன் என்று நிற்பவனைக் காலைப் பிடித்தா நிறுத்துவது? அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நீதிபதி கையெழுத்திட்டார். அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

புத்தகம் அச்சுக்குப் போக மேலும் மூன்று வருடம் பிடித்தது. அதற்குள் அவன் அங்கேயே ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டான். கடைசித் திருத்தத்துக்காகக் அவரவர் ஊரில் கணினித் திரை முன் உட்கார்ந்தார்கள். நடுவில் பக்கங்கள், ஓரத்தில் சின்னதாக அவன் முகம்.

"இரவல் சட்டத்துல ஒரு பத்தி சேர்த்திருக்கேன், பாரு," என்றான். "பேர் எதுவும் இல்ல. ஒரு வீட்ல மௌனம்னா சரி. இன்னொரு வீட்ல மௌனம்னா வேணாம். ஒரே நாள்ல ரெண்டு பேரும் அடுத்தவங்க சட்டத்தை இரவல் வாங்கிக்கிறாங்க."

அவள் திரைக்கு அருகில் வந்தாள். "எந்த நாள்?"

"கோர்ட்டு அன்னைக்கு. முந்தின ராத்திரி அம்மா போன் பண்ணி உங்க வீட்டு வழக்கத்தைச் சொன்னாங்க. அதான் ஜட்ஜ் கேட்டப்ப நான் வாயைத் திறக்காம உன்னையே பார்த்துக்கிட்டு நின்னேன். உங்க வீட்டுப் பாஷையில வேணாம்னு சொன்னேன். நீ திரும்பிக்கிட்ட."

"உன் மௌனத்தை நான் உங்க வீட்டுப் பாஷையில கேட்டேன்," என்றாள்.

அவனுக்குப் பின்னால் ஒரு குழந்தை "அப்பா" என்றது. "இதோ வந்துட்டேன் கண்ணு," என்றான். அந்தக் குரலின் குழைவு ஒரு காலத்தில் அவளுடையதாக இருந்தது. வாழ்ந்திருக்க வேண்டிய வாழ்க்கை வேறொருவர் வீட்டில் நடப்பதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை.

"நேரமாச்சு. இந்தப் பத்தி இருக்கட்டுமா, அடிக்குறிப்பு?"

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"வேணாம்."

குரல் கரகரத்து வந்தது. அவனிடம் அந்தச் சொல்லை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

"சரி. வேணாம்னா வேணாம்," என்றான். மறுபேச்சில்லை, ஏன் என்று ஒரு கேள்வியில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பத்தியை அழித்துவிட்டான்.