உடன் வந்தவர்

மருதாசலத்தின் காருக்குப் பதினெட்டு வயது. ஓட்டுரிமை வந்துவிட்ட மிதப்போ என்னவோ, நினைத்தால் கிளம்பும், நினைக்காவிட்டால் கிளம்பாது. சாவியைத் திருப்பினால் விளக்கெல்லாம் மரியாதையாக எரியும். செல்ஃப் மட்டும் எடுக்காது; ஒரு 'டக்' சத்தம்கூட வராது.

வேறொருவராக இருந்தால் டயரை உதைத்திருப்பார். மருதாசலம் சுரங்கத்தில் முப்பத்திரண்டு வருஷமாகக் கன்வேயருக்குக் கரண்ட் வேலை பார்ப்பவர். அங்கே எது நின்றாலும் முதலில் நோட்டில் எழுதுவார்கள். அப்புறம்தான் ஸ்பேனரைத் தேடுவார்கள். அந்த வழக்கப்படி பதினேழாம் பிளாக் குவார்ட்டர்ஸில் காருக்கும் ஒரு நோட்டுப் போட்டார். தேதி, நேரம், வெயிலா மழையா, பெட்ரோல் எவ்வளவு. கடைசிக் கட்டத்துக்கு 'உடன் வந்தவர்' என்று தலைப்பு.

நான்கு மாதத்தில் ஒன்பது முறை வண்டி வாசலிலேயே நின்றுவிட்டது. ஒன்பது வரியிலும் கடைசிக் கட்டத்தில் ஒரே பெயர், பிரபாவதி. அவருடைய மனைவி.

ஒவ்வொரு முறையும் அவள் இறங்கி, வீட்டைத் திறந்து, நல்ல புடவையை மாற்றிக்கொள்வாள். பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து மெக்கானிக் ஹபீப் முகமது வருவார். சாவியைத் திருப்புவார். வண்டி முதல் திருப்பிலேயே உறுமும். வந்ததற்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று பேட்டரியை மாற்றினார், செல்ஃப் மோட்டாரைக் கழற்றி மாட்டினார். ஒருநாள் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சார், அக்காவ வூட்ல வுட்டுட்டுப் போங்க. வண்டி சரியாப் பூடும்."

அவர் வேடிக்கையாகச் சொன்னார். மருதாசலம் அதை டெக்னிக்கல் கருத்தாக எடுத்துக்கொண்டார். அதோடு விட்டாரா, காடாம்புலியூரில் இருக்கும் மைத்துனரிடம் போனில் சொல்லிச் சிரிக்கவும் செய்தார்.

அந்த மைத்துனரின் மகள் கிருஷ்ணப்ரியாவுக்கு ஞாயிற்றுக்கிழமை நிச்சயம். அத்தை முறைக்குச் சீர்த்தட்டு ஏந்திப் பெண்ணின் பக்கத்தில் நிற்க வேண்டியவள் பிரபாவதி. போனில் சிரிப்பாகப் போனது, பிரபாவதியின் அண்ணி காதுக்குள் நுழையும்போது சகுனமாகிவிட்டது. சனிக்கிழமை அண்ணி கூப்பிட்டாள். வெயிலை விசாரித்தாள், கத்தரிக்காய் விலையை விசாரித்தாள், பிறகு மெல்லப் பத்து மணிக்குள் வர முடியாவிட்டால் அவசரப்பட வேண்டாம், தட்டைத் தன் தங்கை எடுத்து வைத்துவிடுவாள் என்றாள்.

பிரபாவதி பண்ருட்டியில் முந்திரித் தரகர் வீட்டில் பிறந்தவள். விலையை அடித்துக் குறைக்கப்போகிறவன் முதலில் வெயிலைத்தான் விசாரிப்பான் என்று அவளுக்குத் தெரியும். "வந்துருவேன் அண்ணி" என்று மட்டும் சொல்லி வைத்தாள். தட்டு இன்னொருத்தி கைக்குப் போனால் அது இந்த ஒரு நாளோடு முடியாது. கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து என்று எல்லாவற்றிலும் அவளைப் பின்வரிசை நாற்காலியில் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டு அனுப்புவார்கள்.

ஞாயிறு காலை எட்டரைக்கு மூன்று தட்டும் பின்சீட்டில் ஏறின. மருதாசலம் வீட்டைப் பூட்டினார். சுரங்கத்தில் கன்வேயரைப் பழுது பார்க்கும்போது சுவிட்சைப் பூட்டிவிடுவார்கள். பழுது பார்க்கும் பர்மிட் யார் பேரில் இருக்கிறதோ, சாவி அவரை விட்டு நகரக் கூடாது. அதே சட்டம் அவர் வீட்டிலும் அமலில் இருந்தது. வீட்டில் ஆள் இருந்தால் சாவிக்கொத்து வீட்டில். எல்லோரும் கிளம்பினால் கொத்தைக் கார்ச் சாவியோடு கோத்துவிடுவார். கேட், கிரில், பின்கதவு, பீரோ, ஸ்கூட்டர், எதற்கென்று மறந்துபோன நான்கு, கூடவே ஒரு பித்தளை வில்லை, எல்லாம் ஒரே இரும்பு வளையத்தில்.

உட்கார்ந்து திருப்பினார். விளக்கு எரிந்தது. நான்கு முறையும் விளக்குதான் எரிந்தது. எதிர் குவார்ட்டர்ஸ் மாணிக்கம்மாள் பால் பாக்கெட்டும் கையுமாக நின்று பார்த்தாள்.

மருதாசலம் தொண்டையைச் செருமினார். "ஒண்ணு பண்ணு. நீ பஸ்ல வந்துரு. நான் தட்டோட முன்னாடி போறேன்."

"நான் எறங்கினா வண்டி எடுத்துருமா?"

"நோட்ல அப்படித்தான இருக்கு."

அவள் பஸ்ஸுக்குச் சில்லறை வேண்டும், பர்ஸ் உள்ளே இருக்கிறது என்று கை நீட்டினாள். கொத்தைக் கழற்றிக் கொடுத்தார். கேட்டுக்குப் போவதற்குள் பின்னால் வண்டி உறுமியது.

திரும்பிப் பார்த்தாள். மருதாசலம் கண்ணாடி வழியாக ஒரு மாதிரி வருத்தத்தோடு தலையை ஆட்டினார், தான் என்ன செய்ய முடியும் என்பதுபோல. பிரபாவதி அவர் முகத்தை விட்டுவிட்டுத் தன் கையைப் பார்த்தாள். கொத்தை ஏற்றி இறக்கினாள். அரைக் கிலோவுக்குக் குறையாது. ஒன்பது தடவையும் இதை எடுத்துக்கொண்டுதான் அவள் வீட்டைத் திறக்கப் போயிருந்தாள்.

திரும்பி வந்து முன்சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

"ஆஃப் பண்ணுங்க."

"எடுத்ததே பெரிசு."

"நான் ஒக்காந்துகினு இருக்கேன். ஆஃப் பண்ணிட்டுத் திருப்புங்க."

எடுத்தது. இன்னொரு தடவை என்றாள். எடுத்தது. மறுபடி ஆஃப் பண்ணச் சொல்லி, அவளே கொத்தைக் கார்ச் சாவியில் மாட்டினாள். விளக்கு மட்டும் எரிந்தது. கழற்றினாள். எடுத்தது.

ஹபீபுக்குப் போன் போட்டார்கள். அவர், சாவித் துவாரத்துக்கு உள்ளே சுவிட்ச் தேய்ந்திருக்கும், கனம் தொங்கினால் சாவி சரிந்து, செல்ஃபுக்குக் கரண்ட் போகாது என்றார். நாளைக்கே மாற்றித் தருவதாகவும் சொன்னார். பழைய பேட்டரியைப் பற்றி அவரும் பேசவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

மருதாசலம் கியரைப் போட்டார்.

"நோட்ட எடுங்க" என்றாள் பிரபாவதி.

"நேரமாச்சு, அப்புறம் எழுதிக்கலாம்."

"எழுதிட்டுப் போலாம்."

சுரங்கத்து நோட்டில் யாரும் தன் பேருக்கு நேராக விழவிடாத இரண்டு வார்த்தை உண்டு. விழுந்தால் மெமோ நிச்சயம். முப்பது வருஷமாகச் சோற்றுத் தட்டின் முன்னால் அவள் அதைக் கேட்டுவந்திருக்கிறாள். அதையே எழுதச் சொன்னாள். அவர் 'சுவிட்ச் தேய்மானம்' என்று ஆரம்பித்தார். அவள் இறங்கப்போகிறவள்போலக் கதவைத் திறந்தாள். அவர் அதை அடித்துவிட்டு, 'ஆபரேட்டர் தப்பு' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். அவள் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அண்ணிக்கு அனுப்பினாள். மேலே கீழே ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.

பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது காடாம்புலியூர் வாசலில் கார் நின்றது. அண்ணியின் தங்கை தயாராக நின்றிருந்தாள். அண்ணி அவளைப் பந்தலில் நாற்காலி போதுமா என்று பார்க்க அனுப்பிவிட்டு, "வா பிரபா, பொண்ணு ஒன்னத்தான் கேட்டுகினு இருக்கா" என்றாள்.

பிரபாவதி சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு தட்டை எடுத்தாள். மருதாசலம் பழக்கதோஷத்தில் கொத்துக்குக் கை நீட்டினார்.

"பர்மிட் இப்ப என் பேர்ல இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

அவர் காரை நிழலில் நிறுத்தப் போனார். முதல் திருப்பிலேயே எடுத்தது.