ஓர்ப்படி செய்த ரீவைண்ட் கருவி

அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு ஒரே வீட்டில் இருந்தார்கள் ஓர்ப்படிகள் இருவரும். போதாததற்கு ஒரே அலுவலகம் வேறு. தியேட்டர் டிக்கெட் விற்கும் வலைத்தளம் அது. அதன் பழைய நிரல் மூத்தவளுக்குத் தலைகீழ்ப் பாடம். எது உடைந்தாலும் அவள் மேஜைக்குத்தான் ஓடி வருவார்கள். எல்லாவற்றையும் புதிதாக எழுதப்போகும் குழுவுக்குத் தலைமை தனக்குத்தான் என்று நிம்மதியாக இருந்தாள்.

இளையவள் வந்தாள். ஒரு கருவி செய்தாள். வலைப்பக்கத்தில் நடப்பதையெல்லாம் பதிந்துகொண்டு, வீடியோ மாதிரிப் பின்னால் ஓட்டி, எந்த வரியில் கெட்டது என்று அது காட்டிவிடும். மூத்தவள் மேஜைக்கு ஆள்வரத்து நின்றது. வயிறு எரியாதா?

மாமியார் வேறு, "சின்னவ நேரத்தையே திருப்புறாளாமே!" என்றார்.

"அடுப்புல வச்ச பாலைத் திருப்பச் சொல்லுங்க அத்தை. பொங்கி வழியுது" என்றாள் மூத்தவள்.

அந்த வாரம் ஒரு டிக்கெட் கேட்டவர்கள் சிலருக்கு இரண்டு விழுந்தது. கருவியைப் போட்டுப் பார்த்தால் மட்டும் ஒன்றுதான் விழுந்தது! மறுநாள் மேனேஜர் கருவியைப் பார்க்க வருகிறார். அதில் பிழையைப் பிடித்துக் காட்டிவிட்டால் தலைமை இளையவளுக்கு.

மூத்தவளுக்குப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. பழைய நிரலும், பிறகு அதன்மேல் ஒட்டுப் போட்ட நிரலும் ஒரே நேரத்தில் ஓடிப்போய் ஆளுக்கொரு டிக்கெட் வாங்குகின்றன. கருவியைப் போட்டால், அது பதிகிற சுமையில் ஒன்று பின்தங்கி, 'ஏற்கெனவே வாங்கியாச்சு' என்று பார்த்துத் திரும்பிவிடுகிறது. வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும், சின்னவள் நாளைக்கு முழிப்பாள்.

மூடிக்கொண்டுதான் இருந்தாள். இளையவள் பக்கத்து இருக்கைக்காரரிடம், "பாவம், அக்காவுக்கே தெரியலை" என்று சொல்லும்வரை.

"யாருக்குடி தெரியலை? நகரு. உன் கருவியே குறுக்க நிக்குது. எல்லாத்தையும் பதியாதே. எது முந்துச்சு, எது பிந்துச்சு, அந்த வரிசையை மட்டும் பதி."

மறுநாள் திரையில் இரண்டு டிக்கெட்டும் கையும் களவுமாக மாட்டின. மேனேஜர் கை தட்டினார்.

"அக்காதான் சார் சொன்னாங்க" என்றாள் இளையவள்.

"அப்போ ரொம்ப நல்லது. டீம் உங்களுக்கு. அக்கா கூடமாட ஒத்தாசையா இருக்கட்டும்."

வீட்டுக்குள் நுழைந்ததும் மூத்தவள் கணவனைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, உங்க தம்பிக்கு வேற ஊர்ல வேலையே கிடைக்காதா?"