பூட்டில்லாத பெட்டி

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்து எடுக்கவில்லை. ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் ரிவியூக்களுக்கு நடுவே பொறுக்கினேன். ஐந்து நட்சத்திரம், மூன்றே வாக்கியம்: 'முதலாளி அவர்களுக்கு வணக்கம். கேட்டதும் என் மகளுக்கு விடுப்புக் கொடுத்த உங்கள் நல்ல மனதுக்கு நன்றி. வீட்டில் நலமாக இருக்கிறாள்.' கீழே கடையின் பதில்: 'மீண்டும் வருக!'

வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு அந்த மகளைப் பற்றி யோசித்தேன், சிரிப்பு போய்விட்டது. மீதியெல்லாம் என் கற்பனை.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'இணையம் மூன்று தலைமுறைகளையும்...' (அடித்துவிட்டேன். பள்ளிக்கூடக் கட்டுரை வாடை.)

இரண்டாவது முயற்சி: அவள் பிரேமில் லென்ஸ் பொருத்துபவள். கடுகளவு ஸ்க்ரூவோடு மல்லுக்கட்டும் வேலை. நாலு மாதமாக வலது கை நடுங்குகிறது. முழங்கையை மேசையில் அழுத்திக்கொண்டு, கடையில் யாருக்கும் தெரியாமல் சமாளித்து வந்தாள். அப்பாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

"ஒரு மாசம் லீவு கேளேம்மா."

"கேட்டா வீட்டுக்கே அனுப்பிடுவாங்கப்பா."

அப்பா முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். அவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு புகார்ப் பெட்டி இருந்தது. யார் வேண்டுமானாலும் எழுதிப் போடலாம், சாவி மேலாளரிடம் மட்டும். போனில் கடையின் பக்கத்தைத் திறந்தபோது 'உங்கள் கருத்தை எழுதுங்கள்' என்றிருந்தது. அவருக்கு அந்தப் பெட்டிதான் ஞாபகம் வந்தது. மரியாதைக்கு ஐந்து நட்சத்திரம் வைத்து, மகளின் கை நடுக்கத்தை விலாவாரியாக எழுதி, லீவு கேட்டுப் போட்டார்.

3

எட்டே நாள். "அந்த நடுங்கற கைதான் என் கண்ணாடியையும் மாட்டுச்சா?" என்று ஒரு வாடிக்கையாளர் கவுண்டரில் கேட்டார். முதலாளி அவளை உள்ளே கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

வீட்டில், சமையலறையில், அவளும் அவள் மகளும் (இந்தப் பேச்சை மூன்று தடவை எழுதினேன்):

"ஊரே பாக்கற எடத்துல போட்டுட்டாரேடி!"

"விடும்மா. ரெண்டு நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்க." மகள் தாத்தாவின் போனை எடுத்து ரிவியூவை அழித்தாள்.

"மறப்பாங்க. என் வேலை போயிடுச்சே."

(பெரியவர் 'நெட்டுக்கு எழுதினேன்' என்பார். அவள் 'நெட்ல வந்துடுச்சு' என்பாள், வியாதி வந்ததைச் சொல்வதுபோல. பதினேழு வயதுப் பேத்திக்கு அந்தச் சொல்லே தேவைப்படுவதில்லை. இதை வைத்து ஒரு பக்கம் எழுதினேன். வேலை போனவள் முன்னால் அது வெட்டிப் பேச்சாகத் தெரிந்தது, எடுத்துவிட்டேன்.)

4

திட்டுவதற்குத்தான் அப்பாவின் அறைக்குப் போனாள். அவர் ஆசையாக நிமிர்ந்து பார்த்தார். வாய் வேறொன்றைச் சொல்லிவிட்டது: "லீவு குடுத்துட்டாங்கப்பா."

அவர் போனைத் தடவினார். எழுதியது அங்கே இல்லை. "படிச்சுட்டாரு, பெட்டியிலேர்ந்து எடுத்துட்டாரு. பாத்தியா? எழுதிக் கேட்டா நடக்கும். உனக்குத்தான் வாய் வரல."

முடிவு ஒன்று: அவள் உண்மையைச் சொல்லிவிடுகிறாள். அவர் மெல்ல... (முடியவில்லை. அதற்குப் பிறகு அந்த மனுஷன் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பார்?)

முடிவு இரண்டு: கை குணமாகி, வேறு கடையில் வேலை. (எழுதும்போதே கூசியது.)

5

மறுநாள் காலை நன்றிக் கடிதம் எழுதிவிட்டு, போனை அவளிடம் நீட்டினார். "படிச்சுப் பாத்து நீயே போட்டுடும்மா."

நாலு வாக்கியம் இருந்தது. கடைசி: 'கை நடுக்கமும் குறைந்து வருகிறது.'

இங்கேயே நிறுத்தி, போனை உங்கள் கையில் கொடுத்துவிட நினைத்தேன். ஆனால் நான் பார்த்தது மூன்று வாக்கியம். அது இன்னும் அங்கேயே இருக்கிறது. ஆகவே, அவள் ஒரு வரியை அழித்தாள். மீதியைப் போட்டாள். சரியாக அமுக்க இரண்டு தடவை ஆனது.

"அனுப்பிட்டேன்பா."

"நல்லது. மறுபடி எப்பம்மா வேலைக்கு வரச் சொல்லியிருக்காங்க?"

இதற்கு நான் எழுதிப் பார்த்த பதில் எதுவும் அவர் காதில் போடத்தக்கதாக இல்லை. அவளும் என்னைத்தான் பார்க்கிறாள். உங்களிடம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். மெதுவாகச் சொல்லுங்கள், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.