மூன்றாம் பெருநாள்

இருபத்தொன்பதாம் நோன்பு திறந்து ஒரு மணித்தியாலம் ஆகிவிட்டது. பிறை பற்றிப் பள்ளிவாசலிலிருந்து இன்னும் ஒரு சத்தமும் இல்லை.

நதீராவின் பியூட்டி பார்லரில் பதினொரு பெண்கள் காத்திருந்தார்கள். எல்லோருக்கும் பெருநாளுக்கு மருதோன்றி போட வேண்டும். போடுவதற்கு நதீரா ஒருத்திதான். ஒரு கையை முடித்து மறு கையைப் பிடித்தபோது ஒலிபெருக்கி கரகரத்தது. நாட்டில் எங்கும் பிறை தென்படவில்லை. நாளை முப்பதாம் நோன்பு. பெருநாள் திங்கட்கிழமை.

பெண்கள் எழுந்து அபாயாவைச் சரிசெய்தார்கள்.

"அப்ப நாளைக்கு வாறம் ராத்தா." போகிற போக்கில் ஒருத்தி சிரித்தாள். "பிறையும் ஒங்களப் பாத்துப் பாவப்பட்டு ஒரு நாள் கூடுதலாத் தந்திரிக்கி."

நதீராவும் சிரித்தாள். கையிலிருந்த மருதோன்றிக் கோனைக் கீழே வைத்தபோதுதான் கிழமைகளை எண்ணினாள். திங்கள், செவ்வாய், புதன். மறுபடியும் எண்ணினாள்.

வரிப்பத்தான்சேனை மைமூனா தன் மகளின் கலியாணத்துக்குத் திகதி சொல்லவில்லை. "மூணாம் பெருநாள்" என்று சொல்லித்தான் முற்பணம் தந்தாள். சுவரிலிருந்த கலண்டர் ஞாயிறைப் பெருநாள் என்றது. நதீரா கொப்பியில் செவ்வாய் என்று எழுதிக்கொண்டாள். புதன்கிழமையைக் கல்முனையில் மண்டபம் எடுத்த இன்னொரு வீட்டுக்குக் கொடுத்தாள். இப்போது இரண்டும் புதன். இரண்டு நிக்காஹும் அஸர் தொழுகைக்குப் பிறகு. ஒரு மணப்பெண்ணைச் சோடிக்க மூன்று மணித்தியாலம் போகும். இரண்டு வீட்டுக்கும் இடையில் ஒரு மணித்தியால ஓட்டம்.

மண்டபத்தை மாற்ற முடியாது. மைமூனாவின் சனமெல்லாம் மூன்றாம் பெருநாள் என்றுதான் புறப்படும்.

ஆள் வைக்க வேண்டும் என்று நாலு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தாள். நினைப்பு ஒவ்வொரு தரமும் ஒரே இடத்தில் வந்து நின்றது. சம்பளம் மாதா மாதம் கேட்கும், மணப்பெண் மாதா மாதம் வரமாட்டாள். அதற்குக் கீழே இன்னொன்றும் இருந்தது. அதை அவள் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் மர்ஷூதா இங்கே வேலை செய்தாள். ஒரு மணப்பெண்ணின் மருதோன்றிக் கையைப் படமெடுத்துத் தன் வாட்ஸ்அப்பில் போட்டாள். கையை மட்டும்தான் எடுத்தாள். பின்னால் இருந்த கண்ணாடியில் பெண்ணின் முகமும் விரித்த தலைமுடியும் விழுந்திருந்ததை அவள் பார்க்கவில்லை. ஊர் பார்த்தது. பெண்ணின் காக்கா, கூடப்பிறந்த மூத்தவன், வந்து வாசலில் நின்று கத்தினான். அன்றே மர்ஷூதாவை அனுப்பினாள் நதீரா. அதன் பிறகு ஒரு வருடம் மணப்பெண் யாரும் அந்தப் படி ஏறவில்லை. தனியே நின்று, வீடு வீடாகப் போய், ஒவ்வொரு உம்மாவாகப் பேசித்தான் பெயரை மீட்டாள்.

தலை பின்னிப் பூ வைத்து ஒரு பெண்ணைத் தனியாக முடித்தெடுக்கக்கூடிய கை, அவள் அறிய, மர்ஷூதாவுடையது மட்டும்தான். அவளுக்குப் போன் எடுத்தாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும் ராத்தா. பிறை காணல்லதானே?"

"வஅலைக்கும் ஸலாம். அதாலதான் எடுத்தன். புதன்கிழமை எனக்கு ரெண்டு பொண்ணு. ஒண்டுக்கு நீ போவியா?"

அந்தப் பக்கம் ஒரு பிள்ளை இருமியது.

"அண்டைக்கு மட்டுமா?"

"இப்போதைக்கு அண்டைக்கு."

"ஏலாது ராத்தா." மர்ஷூதாவின் குரல் உயரவில்லை. "பதினஞ்சாம் நோன்பண்டு வந்து வேல கேட்டன். பெருநாள் கழியட்டும் எண்டீங்க. இப்ப ஒரு நாளைக்கு வா எண்டுறீங்க. நான் என்ன, கலியாணத்துக்கு வாடகைக்கு எடுக்கிற கதிரையா?"

"கோவிக்காத புள்ள."

"கோவமில்ல. புதன் வந்தா வியாழனும் வருவன். மாசச் சம்பளம். இல்லாட்டி வேற ஆளப் பாருங்க."

"ஒண்ட போன, பொண்ணு சோடிக்கிற எடத்துக்குக் கொண்டு போகப்படாது."

"அத நீங்க சொல்லத் தேவல்ல. எண்ட ஊட்டுக் கண்ணாடிக்கு முன்னாலயும் நான் இப்ப போன் எடுக்கிறல்ல."

நதீரா கொப்பியைத் திறந்து புதன்கிழமையைப் பார்த்தாள்.

"சரி. வியாழனும் வா."

நாலு மாதம் முடிவாகாதது மூன்று சொல்லில் முடிந்துவிட்டது. யோசித்து முடிக்கவில்லை. பிறை காணாததால் முடிந்தது. அதுதான் அவளை உறுத்தியது. நல்ல நாளில், ஆறுதலாக, முன்னால் உட்காரவைத்துப் பேசி எடுத்திருக்க வேண்டிய ஆள்.

கல்முனை மண்டபத்து மணப்பெண், அன்று வந்து கத்திய காக்காவின் தெருக்காரி. அங்கே மர்ஷூதாவை அனுப்ப முடியாது. வரிப்பத்தான்சேனைக்குத்தான் அனுப்ப வேண்டும். ஒன்றும் சொல்லாமல் அனுப்பிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு மைமூனாவுக்கு எடுத்தாள்.

"சொல்லு மகள். ஊடெல்லாம் சனம், காது கேக்குதில்ல."

இரண்டு கலியாணமும் ஒரே நாளில் விழுந்ததை நதீரா சொன்னாள். கிழமை பிசகியதையும் சொன்னாள். "எனக்கிட்ட ஒரு புள்ள வேலைக்கு இரிக்கா, மாமி. தலை பின்னுறத்துல என்ன விடக் கை நல்லம்."

"எப்பயிலிருந்து?"

"இண்டையிலிருந்து."

மைமூனா சனத்தை விட்டு விலகிப் போவது கேட்டது. ஒரு கதவு சாத்தப்பட்டது.

"பேரென்ன?"

"மர்ஷூதா."

"படம் போட்ட புள்ளயா?"

"ஓம் மாமி. ஒரு தரம் பிழைச்சிட்டா. ரெண்டு வருஷமாகுது."

"நான் அந்தப் புள்ளைக்கு ஏசல்ல. நாளைக்கு எண்ட மகளும் பிழைக்கலாம்." மைமூனா குரலைத் தாழ்த்தினாள். "ஆனா அந்தப் படத்துக்குப் பொறகு நீ தனிய வாறவள் எண்டு சொல்லித்தான் நான் மாப்பிள ஊட்டாருக்கிட்டச் சம்மதம் எடுத்தன். மத்தக் கதையெல்லாம் வேணாம் புள்ள. புதன்கிழமை எண்ட வாசல்ல வந்து எறங்குறது நீயா, அவளா?"