வராத டிப்ஸுக்கு வரி

மாதக் கடைசி நாள் மதியம், சாப்பிட வந்தவர்கள் எல்லாம் எழுந்து போன பிறகு, துரை கல்லா மேஜையில் தாளை வைத்துக்கொண்டு பேனா மூடியைப் பல்லால் கழற்றினார். 'இந்த மாதம் பெற்ற டிப்ஸ்' என்று அச்சடித்த கட்டம் ஒன்று அதில் இருந்தது. அந்த ஓட்டலின் சர்வர்கள் அத்தனை பேரும் அதில் ஒரே எண்ணைத்தான் எழுதுவார்கள். மானத்தை மறைக்க இடுப்பில் சுற்றிய துண்டு மாதிரி ஒரு சின்ன எண். அந்த அளவுக்கு வரி பிடிப்பார்கள், யாருக்கும் வலிக்காது. வரி ஆபீஸும் இதுவரை துண்டை விலக்கிப் பார்த்ததில்லை. துரை அதன் ஐந்து மடங்கை எழுதினார். எழுதிவிட்டுக் கையெழுத்துக்கு அடியில் ஒரு கோடு வேறு இழுத்தார்.

துரை என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. அவர் தட்டேந்தி வருகிற தோரணையைப் பார்த்துச் சமையல் மாஸ்டர் வைத்தது. சூப் கிண்ணத்தை மேஜையில் வைக்கும்போது, போனால் போகட்டும் என்று சொத்தில் ஒரு பகுதியை எழுதி வைப்பவரைப் போல வைப்பார். யாராவது டிப்ஸ் விட்டுப் போனால் உடனே தொட மாட்டார். அந்தக் காசு தானாக வெட்கப்பட்டு எழுந்து போகட்டும் என்பதுபோல ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகுதான் எடுத்துப் பொது டப்பாவில் போடுவார். எல்லோரும் போட வேண்டும். வாரக் கடைசியில் மாஸ்டர் முதல் பாத்திரம் கழுவுகிறவர் வரை சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். உடைந்த கண்ணாடிகளுக்கென்று முதலாளியும் ஒரு பங்கு எடுத்துக்கொள்வார். எதுவும் உடையாத வாரங்களில், உடையப்போகிற கண்ணாடிகளுக்காக.

துரைத்தனம் வீட்டில் செல்லாது. வீடு மச்சானுடையது. மனைவிக்கு அண்ணன், பாங்கில் வீட்டுக் கடன் பிரிவில் உத்தியோகம். கொஞ்ச நாளைக்கு என்று சொல்லி துரை குடும்பத்தோடு அங்கே பின்னறைக்கு வந்தபோது தவழ்ந்துகொண்டிருந்த மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். கூடத்துக்கும் பின்னறைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு; இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் முகம் துடைக்கலாம். மச்சான் கெட்டவரில்லை. விளக்கை அணையுங்கள் என்று ஒருநாளும் சொன்னதில்லை. தானே வந்து அணைத்துவிட்டுப் போவார், அவ்வளவுதான். விருந்தாளிகளிடம் அறிமுகம் செய்யும்போது, "நம்ம மாப்ளே. பெரிய ஓட்டல்ல இருக்கார்" என்று சொல்லி, ஒரு மூச்சு விட்டு, "இருக்கார்னா, நிக்கிறார்" என்பார். விருந்தாளிகளோடு துரையும் சிரிப்பார்.

சொந்த வீடு யோசனையும் மச்சானுடையதுதான்.

"கடன் நானே பாத்துத் தர்றேன் மாப்ளே. ஆனா உங்க சம்பளத்த வச்சு நாய்க்குக் கூண்டு கட்டக்கூட எவனும் தர மாட்டான்."

"டிப்ஸ் வருதே மச்சான். அதையும் சேத்தா நெறைய."

"வரி கட்டுறீங்களா? கட்டுனாத்தான் அது வருமானம். கட்டலன்னா பிச்சை."

அன்றைக்குப் பிறகுதான் துரையின் பேனா தடித்தது. மாதாமாதம் ஐந்து மடங்கு. கைக்கு வராத பணத்துக்குச் சம்பளத்திலிருந்து வரி பிடித்தார்கள். டிப்ஸ் வைக்காமல் எழுந்து போன கஞ்சர்களுக்காகவும், வரவே வராத வள்ளல்களுக்காகவும் துரை வரி கட்டினார். தாளில் எண் கொழுக்கக் கொழுக்க வீட்டில் பால் தண்ணீரானது. அவர் பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தார். மச்சான் தாள்களைப் பார்த்துவிட்டு, "இவ்வளவா!" என்று முதல்முறையாக மாப்பிள்ளைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டபோது, இதற்கு இன்னும்கூட வரி கட்டலாம் என்று துரைக்குத் தோன்றியது.

ஒரு விஷயம் மட்டும் அவருக்கு உறைக்கவில்லை. ஒரே டப்பாவில் சம பங்கு வாங்குகிறவர்களில் ஒருவனுக்கு மட்டும் எப்படி ஐந்து மடங்கு வரும்?

உறைத்தது வரி அதிகாரிக்கு. சாப்பிட வந்தவர் போல வந்து, வயிறாரச் சாப்பிட்டு, முதலாளியை ஓரமாக அழைத்துக் கேட்டுவிட்டுப் போனார். மேஜையில் ஒரு காசும் வைக்கவில்லை. கை சுத்தமான மனிதர்.

முதலாளி எல்லோரையும் சமையலறையில் கூட்டினார்.

"நாம ஒரே குடும்பம். குடும்பத்துல திருடன் இருக்கலாம், தப்பில்ல. ஆனா யாருன்னு தெரியணும்." துரையைக் கைகாட்டினார். "ஒண்ணு, இவர் டப்பாவுக்குப் போகவேண்டியதைப் பையில போட்டிருக்கார். இல்லன்னா நீங்க அத்தன பேரும் கம்மியா எழுதி கவர்மெண்டை ஏமாத்தியிருக்கீங்க. எது?"

துரை திருடன் என்று ஆகிவிட்டால் மற்றவர்கள் எழுதிய சின்ன எண்கள் மெய்யாகி, அந்தத் துண்டுகள் அத்தனையும் பட்டு வேட்டியாகிவிடும் என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

"எனக்கு அப்பவே டவுட்டுங்க. காசப் பாக்காம ஜன்னலப் பாக்குற மனுசன் உலகத்துல உண்டா?" என்றார் மாஸ்டர்.

"பாவம், பொம்பளப் புள்ளய வச்சிருக்கார். எடுத்திருப்பார்," என்றாள் கல்லாக்கார அம்மா. அவள் இரக்கத்துக்குப் பெயர் போனவள்.

மூன்றாவதாக ஒன்று இருந்தது, அதுதான் உண்மை. 'எடுக்கவில்லை, சும்மா எழுதினேன்.' அதைச் சொல்லத்தான் துரை வாயைத் திறந்தார். ஆனால் காலையில் மச்சான் சொல்லி அனுப்பியிருந்தார்: "நாளைக்கு எங்க மேனேஜர் உங்க முதலாளிக்குப் போன் போடுவார். எழுதுனது சரிதானான்னு கேப்பார். ஆமான்னு ஒரு வார்த்தை, வீடு உங்களுது." பொய்யன் என்றால் வருமானம் போச்சு, வீடு போச்சு, இழுத்துப் போட்ட நாற்காலியும் போச்சு. திருடனுக்கோ வருமானம் அப்படியே இருக்கும்.

"ஆமா," என்றார் துரை, சூப் வைக்கிற அதே தோரணையில். "நான்தான் எடுத்தேன்."

சமையலறையே மூச்சு விட்டது. மாஸ்டர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். இவ்வளவு நல்ல திருடனை அவர் பார்த்ததில்லை.

"வேலைய விட்டு அனுப்ப மாட்டேன்," என்றார் முதலாளி. "அனுப்புனா எடுத்தத யார் குடுக்குறது? மாசாமாசம் சம்பளத்துல பிடிச்சு டப்பாவுல போட்டுருவோம்." நேற்றுவரை இருந்த 'ங்க' அதற்குப் பிறகு காணாமல் போயிற்று. "இன்னொண்ணு. நாளன்னைக்கு வரும்போது பாக்கெட்டையெல்லாம் தச்சு மூடிட்டு வா. சட்டை, பேண்ட்டு, எல்லாம்."

மறுநாள் பாங்கிலிருந்து போன் வந்தபோது முதலாளி எல்லோருக்கும் கேட்கும்படியே பேசினார். "வருமானமா? ஐயோ சார், எங்க யாரவிடவும் அவருக்குத்தான் ஜாஸ்தி. கைராசிக்காரர்!" சமையலறையில் கரண்டி தவறி விழும்வரை சிரித்தார்கள். துரை ஜன்னலைப் பார்க்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்.

பைகளைத் தைத்து மூடுவதற்கென்று அன்று வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கல்லாக்கார அம்மா இரக்கம் தாங்காமல் அதற்குள் அவர் மனைவிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். மனைவி கட்டிலில் உட்கார்ந்து, கையை நீட்டி உடுப்பை வாங்கிக்கொண்டாள். துரை துண்டைக் கட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தார். ஊசி சட்டைப் பையின் வாயில் ஏறி இறங்கியது.

தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து மச்சானின் குரல் கேட்டது. "மாப்ளே! மேனேஜர் கையெழுத்துப் போட்டுட்டார். நாளைக்கு ஆபீஸுக்கு வாங்க, நாற்காலியில உக்காந்து நீங்களும் போடுங்க!"

"சரி மச்சான்," என்றார் துரை.

மனைவி நூலைக் கடித்து அறுத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"எத்தன மாசமா எடுத்தீங்க?"

அவர் துண்டின் முனையை இழுத்து முழங்காலை மூடினார்.

"பால்ல தண்ணி ஊத்துனவ நான். புள்ளைக்குச் செருப்பு வாங்கல. எடுத்த காசு இந்த வீட்டுக்கு வரலையேங்க."

அவர் தடுப்பைப் பார்த்தார். அந்தப் பக்கம் டிவி சத்தம் மெல்லக் குறைந்து, சுத்தமாக நின்றது. நாற்காலி ஒன்று பலகையை ஒட்டி நகர்கிற சத்தம் கேட்டது.

"யாருங்க அவ?"

துரை உதட்டின் மேல் விரலை வைத்தார். அவள் அந்த விரலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேண்ட்டை எடுத்து, இன்னும் தைக்காத கடைசிப் பைக்குள் கையை விட்டு உள்பக்கத்தை வெளியே இழுத்தாள். அதை மூக்கருகே கொண்டுபோய் நிதானமாக முகர்ந்தாள். திரும்ப உள்ளே திணித்துவிட்டு, ஊசியில் புது நூல் கோத்தாள்.