சோற்றண்ணனின் மகள்

மேடையேறும் முன் அப்பாவின் அறக்கட்டளைச் செயலாளர் அவளிடம் கைக்குட்டையை நீட்டினார். "கண்ணைத் துடைச்சுக்கிட்டே பேசும்மா. ஜனங்க உருகிடுவாங்க."

அவள் கண்ணில் துடைக்க ஒன்றும் இல்லை. அப்பாவை அடக்கம் செய்த மண்ணின் ஈரம்கூடக் காயவில்லை, அதற்குள் அவர் பெயரில் நன்கொடை விருந்து. மேடையில் ஆள் உயரத்துக்கு அவர் படம். பசியை ஒழிக்கப் பிறந்தவர் என்று கீழே எழுதியிருந்தார்கள். ஊர்ப் பசியை என்று எழுதியிருந்தால் சரியாக இருந்திருக்கும்.

ஊரே அவரைச் சோற்றண்ணன் என்றுதான் கூப்பிட்டது. சொந்த இடத்தில் சமையற்கூடம் போட்டு, நாள் தவறாமல் வந்தவர்களுக்கெல்லாம் பொங்கிப் போட்டார். வரிசையில் கடைசி ஆள் கை கழுவும்வரை தன் வீட்டில் யாரும் தட்டில் கை வைக்கக் கூடாது என்பது அவர் விதி. பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளுக்கும் அதேதான். "பசின்னா என்னன்னு அவளுக்கும் தெரியட்டும்" என்பார். நன்றாகவே தெரிந்தது. அம்மா ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் தவித்த அன்றும் வரிசையை முடித்துவிட்டுத்தான் வந்தார். அம்மா அவருக்காகக் காத்திருக்கவில்லை.

செயலாளர் காதருகே குனிந்தார். "யோசிச்சியாம்மா? இடம் இப்ப உன்னோடது. அந்தக் கூடத்தை இடிச்சுட்டா அம்சமா ஒரு மண்டபம் கட்டலாம். வாசல்ல அண்ணன் சிலை. வருஷா வருஷம் அவர் செத்த நாளுக்குச் சோறும் போடலாம்."

"வருஷத்துக்கு ஒரு தடவையா?"

"பின்னே, தினமும் போட நாம என்ன அண்ணனா? உனக்கு இஷ்டமில்லைன்னா விட்டுடலாம். நாளைக்கே அடுப்பைப் பத்த வெச்சுடறோம்."

முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளுக்கும் அது தெரியும்.

மேடையேறி மைக்கைப் பிடித்தாள். "கூடத்தை இடிச்சுட்டு அப்பா பேர்ல மண்டபம் கட்டிக்கோங்க" என்றாள்.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அவளுக்குப் பதிலாகச் செயலாளரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளுக்கு உள்ளுக்குள் இனித்தது. அப்பாவை ஒருமுறையாவது திருப்பி அடித்துவிட்டதாக இருந்தது.

காற்று வாங்க வெளியே வந்தாள். கேட்டுக்கு அப்பால், காவலாளி விரட்ட விரட்ட, ஒரு கூட்டம் வெறும் தட்டோடு நின்றுகொண்டிருந்தது. முன்னால் நின்ற அம்மாள் அவளை அடையாளம் கண்டுகொண்டாள்.

"கூடம் ஏம்மா பூட்டியே கெடக்கு? அண்ணனுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

பணம் கொடுப்பவர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லியிருந்தார்கள். சாப்பிடுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"செத்துட்டாரு."

அந்த அம்மாள் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். பின்னாலிருந்து ஒருவர் ஐயோ என்றார். பிறகு அந்த அம்மாளே கூசிக்கொண்டு கேட்டாள்: "அப்போ... சோறும்மா?"

"நாளைக்கு வாங்க."

எப்படி வாயில் வந்ததோ. நாளைக்கு அங்கே அடுப்பு எரியாது என்று தெரிந்தும் அதைத் திருப்பி எடுக்க அவள் முயலவில்லை.

"பாத்தீங்களா! புலிக்குப் பொறந்தது பூனையாகுமா?" அந்த அம்மாள் கூட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "எல்லாரும் நாளைக்கு வந்துடுங்கப்பா. நீ நல்லா இருக்கணும்மா, உன் வயிறு குளிரணும்."

தட்டுகள் ஒன்றோடொன்று இடிபட, கூட்டம் மெல்லக் கலைந்தது. போகிறவர்களில் இரண்டு பேர் அவளைத் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

உள்ளேயிருந்து செயலாளர் கூப்பிட்டார். "வாம்மா, முதல் பந்தியே உனக்குத்தான்!"

அவளுக்குப் பசித்தது. போய் உட்கார்ந்தாள். சோறு சூடாக இருந்தது.